கோல்ஃப் டெம்போ குச்சி: சத்துவாச்சாரி மொட்டை மாடியில் ஐந்து மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோல்ஃப் வீச்சின் டெம்போவை (கால அளவை) பழக்கும் இந்தக் குச்சியை வாங்கலாம். கொடுத்த 3,800 ரூபாய்க்கு எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இது ஸ்விங்கை (கிளப் என்கிற கோல்ஃப் மட்டையை வீசுவதை) மெதுவாக்கும் என்று நினைத்து வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன், முதல் ஒரு மாதம் அந்த நினைப்பிலேயே போய்விட்டது.

பார்த்திராதவர்களுக்காகப் பொருளைச் சொல்கிறேன். ஏறக்குறைய நாலடி நீளம், சாட்டை மாதிரி நன்றாக வளையும் ஷாஃப்ட் (தண்டு), ஒரு நுனியில் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் பெரிய கனமான உருண்டை, இன்னொரு நுனியில் சாதாரண கோல்ஃப் கிரிப் (கைப்பிடி), அந்தக் கிரிப்பின் அடியில் எதிர் எடையாக ஓர் உலோகத் துண்டு. எங்கள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 790 கிராம். டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) 300 கிராம் சுற்றித்தான் இருக்கும், அதனால் கையில் எடுத்தவுடனே வித்தியாசம் தெரியும். இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது ஜிம் ஹேக்கன்பர்க் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் உருவாக்கிய ஆரஞ்சு விப். என்னுடையது அதே வேலையைச் செய்யும் வேறொரு கம்பெனிப் பொருள். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

நான் ராணிப்பேட்டையில் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன், வீடு வேலூர் சத்துவாச்சாரி. ஆட்டம் என்றால் சென்னைதான். சித்தப்பா அங்கே ஒரு கிளப்பில் உறுப்பினர், மாதம் ஒருமுறை அவருடைய விருந்தினராக ஆடப் போவேன். சனிக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் ரயில் ஏறி, ராத்திரி அவர் வீட்டில் தங்கி, ஞாயிறு விடிகாலை டீ ஆஃப், அதாவது ஆட்டத்தின் முதல் அடி. மற்ற இருபத்தொன்பது நாளும் எனக்கு மொட்டை மாடிதான் டிரைவிங் ரேஞ்ச், அதாவது அடித்துப் பழகும் இடம். கிரிக்கெட் பயிற்சிக்குக் கட்டுகிற நைலான் வலையை இரண்டு தூணுக்கு நடுவே கட்டி, ஒரு பழைய கால்மிதி மேல் பந்து வைத்து 7 அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) அடிப்பேன். வலைக்குள் அடிக்கும்போது எல்லா ஷாட்டும் நல்ல ஷாட் மாதிரியே தெரியும். கோர்ஸில் (கோல்ஃப் மைதானத்தில்) போய் நின்றால் முதல் நாலு ஹோலுக்கு ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைந்து போவது), அப்புறம் பயத்தில் கையை இறுக்கி டாப் (பந்தின் மேல் பாகத்தில் மட்டும் அடிபடுவது). ஒவ்வொரு மாதமும் இதேதான்.

"மெதுவா வீசு, மெதுவா வீசு" என்று சித்தப்பாவும் சொல்வார், பையைத் தூக்கி வரும் கேடியும் சொல்வார், கூட ஆடுகிற எல்லோரும் சொல்வார்கள். நானும் மெதுவாக்கிக்கொண்டே போனேன். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் மேலே எடுப்பது) ஏதோ பூஜைக்குக் கற்பூரத் தட்டு எடுப்பது மாதிரி ஆகிவிட்டது. மேலே போய் நின்றதும் உடம்புக்குப் பொறுமை போய், தோளால் ஒரே இழுப்பு. பந்து வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகும்.

அந்த நிலையில்தான் குச்சி வந்தது. பெட்டி ஒரு பக்கம் நசுங்கி வந்தது, உள்ளே பொருளுக்கு ஒன்றுமில்லை. கையேடு என்று ஒரே ஒரு தாள், அதில் மூன்று படம். இவ்வளவு விலைக்கு ஒழுங்கான விளக்கம் வைத்திருக்கலாம் என்பது என் முதல் குறை, ஏனென்றால் தெரியாமல் வீசினால் இது உடம்பைக் கெடுக்கும். நான் முதல் வாரமே ஆர்வத்தில் நூறு நூறாக வீசி, இடுப்புக்கு மேலே வலது பக்கம் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஸ்கூட்டரில் உட்காரவே கஷ்டப்பட்டேன். நாலடித் தூரத்தில் அத்தனை எடை சுற்றுகிறது, அதை நிறுத்த வேண்டியது நம் இடுப்பும் முழங்கையும்தான். இப்போது ஒரு தடவைக்கு இருபது வீச்சு, அதில் ஐந்து இடது கைக்காரர் மாதிரி எதிர்ப்பக்கமாக. அதற்கு மேல் தேவையும் இல்லை.

சரி, இது என்ன செய்கிறது? சாதாரண கிளப் விறைப்பானது. மேலிருந்து அவசரப்பட்டு இழுத்தாலும் அது நம் கூடவே வந்துவிடும், தப்பு செய்தோம் என்று கைக்கே தெரியாது. இந்தக் குச்சி அப்படி விடாது. பேக்ஸ்விங் உச்சிக்குப் போகும்போது கை நின்ற பிறகும் உருண்டை இன்னும் கொஞ்சம் பின்னால் போகும், ஷாஃப்ட் வளையும், அந்த இழுப்பு உள்ளங்கையில் தெரியும். அது முடிவதற்குள் தோளால் இழுத்தால் குச்சி நடுங்கும், உருண்டை தனியாக ஆடும், வீச்சு கீழே வரும்போது பாதை கோணிப்போகும். இழுப்பு முடிகிற நேரத்தில் இடுப்பு முதலில் திரும்பி, பின்னாலேயே மார்பு, கை என்று வந்தால் ஷாஃப்ட் தானாக நிமிர்ந்து கீழே "விஷ்ஷ்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்பதைக் கேட்க வேண்டும். வலது தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டோம். பந்து இருக்கும் இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்டால் சரி. இந்த ஒரு விஷயத்துக்காகவே குச்சிக்குக் காசு கொடுக்கலாம் என்பேன், ஏனென்றால் பக்கத்தில் கோச் இல்லாத ஊரில் நம் தப்பை நமக்கே அந்த நொடியில் சொல்கிற பொருள் வேறு எதுவும் என் கையில் கிடைக்கவில்லை.

ஆனால் முதல் மாதம் இதையும் நான் மெதுவாகத்தான் வீசினேன். குச்சி நடுங்காமல் இருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். கோர்ஸில் ஒன்றுமே மாறவில்லை.

மாற்றியது எங்கள் பக்கத்து வீட்டு மிருதங்க வாத்தியார். எழுபதைத் தாண்டியவர், காலையில் அவர் மாடியில் துளசிக்குத் தண்ணீர் விட வருவார். ஒரு வாரம் நான் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க மேல போறப்ப இழுக்குது, கீழ வர்றப்ப ஓடுது. எந்தத் தாளத்துல வீசறீங்க?"

"தாளமெல்லாம் இல்லை சார், மெதுவா வீசச் சொல்றாங்க."

"மெதுவாங்கறது வேற, காலப்பிரமாணம் நிக்கறது வேற தம்பி. விளம்பத்துலயும் ஓடலாம், துரிதத்துலயும் நிக்கலாம்."

விளம்பம் என்றால் மெதுவான காலம், துரிதம் என்றால் வேகமான காலம், காலப்பிரமாணம் நிற்பது என்றால் எடுத்த வேகம் மாறாமல் இருப்பது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் வீடியோவில் எண்ணிப் பார்த்திருக்கிறார். கிளப் நகர ஆரம்பித்ததிலிருந்து உச்சிவரை 27 பிரேம், உச்சியிலிருந்து பந்துவரை 9 பிரேம். வேறு சிலருக்கு 24-க்கு 8. இன்னும் வேகமானவர்களுக்கு 21-க்கு 7. ஆளுக்கு ஆள் வேகம் மாறுகிறது, பங்கு மட்டும் மாறவில்லை, மூன்றுக்கு ஒன்று. எர்னி எல்ஸ் வீசுவதைப் பார்த்தால் தூக்கத்தில் வீசுவது மாதிரி இருக்கும், நிக் பிரைஸ் வீசினால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அந்த இரண்டும் உள்ளே ஒரே கணக்கை ஒட்டித்தான் நடக்கின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். 27-ம் 9-ம் சேர்ந்தால் 36 பிரேம், அதாவது 1.2 நொடி. அவர்களில் நிதானமானவர்களே அவ்வளவுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷன் இருக்கிறது. 7 அயர்னில் பத்து ஸ்விங் எடுத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினேன். வழக்கமான ஸ்விங்கில் மேலே போக 288 பிரேம், கீழே வர 80. மொத்தம் ஒன்றரை நொடிக்கும் மேல், பங்கு மூன்றரைக்கும் மேல். எனக்கு வேகம் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்களே, நான் அந்த ஆட்டக்காரர்களைவிட மெதுவாக வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிட மோசம், பத்து ஸ்விங்கும் பத்து விதம். ஒன்றில் பேக்ஸ்விங் 190, இன்னொன்றில் 290. இப்படி இருந்தால் பந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

மறுநாள் வாத்தியாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, கைப்பிடிச் சுவரிலேயே தட்டிக் காட்டினார். மூன்றும் ஒன்றும் நாலு, அப்படியென்றால் சதுஸ்ரம், அதாவது நாலு எண்ணிக்கை நடை. தகதிமி. "த"-வில் கிளப்பை எடுங்கள், "மி" வரும்போது உச்சியில் இருங்கள், அடுத்த "த"-வில் பந்து. சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) எடுத்து சமத்தில் அடிக்கிறோம். 27-க்கு 9 கணக்கில் ஓர் அட்சரம் (ஒரு எண்ணிக்கை) 0.3 நொடி, "த"-வுக்கும் "மி"-க்கும் நடுவே 0.9 நொடி, "மி"-யிலிருந்து அடுத்த "த"-வரை 0.3 நொடி. அப்படியே பொருந்துகிறது.

இதற்கு ஆப் வாங்க வேண்டாம், போனில் கிடைக்கும் எந்த இலவச மெட்ரோனோமும் (சீராகத் தாளம் தட்டும் கருவி) போதும். நிமிடத்துக்கு 200 தட்டு என்று வைத்து நாலு தட்டுக்கு ஒரு அழுத்தம் கொடுங்கள், அதுதான் 27-க்கு 9. கொஞ்சம் வேகமாக வேண்டுமென்றால் 225, அது 24-க்கு 8. டிக் டிக் என்று அத்தனை சத்தம் தலைவலி தந்தால் 50-ல் வையுங்கள், ஒரு தட்டில் எடுத்து அடுத்த தட்டில் பந்து. நான் முதலில் 200-ல் ஆரம்பித்தேன், நடுவில் இரண்டு வாரம் 225 முயன்றேன், என் உடம்புக்கு அது நிற்காமல் முந்தி ஓடியது, திரும்பவும் 200-க்கே வந்துவிட்டேன். 50 வயதுக்காரருக்கு 225 சரியாக இருக்கலாம், 20 வயதுக்காரருக்கு 200 சரியாக இருக்கலாம், எதில் குச்சி நடுங்காமல் வருகிறதோ அதுதான் உங்களுடையது.

மெட்ரோனோமும் குச்சியும் சேர்ந்த பிறகுதான் இரண்டுக்கும் அர்த்தம் வந்தது. மெட்ரோனோம் மட்டும் வைத்துக் கிளப்பால் வீசினால் தட்டுக்குப் பந்தை அடித்துவிடலாம், ஆனால் நடுவில் உச்சியில் என்ன நடந்தது என்று தெரியாது. குச்சி மட்டும் இருந்தால் நடுங்காமல் வீசலாம், ஆனால் என்னை மாதிரி ஆளுக்கு அது இழுத்துக்கொண்டே போகும். இரண்டும் சேர்ந்தால் ஏமாற்றவே முடியாது.

நான் செய்வது இதுதான். காலை ஆறு மணிக்கு மாடி. முதலில் குச்சியை நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஒரு நிமிடம், கால் இரண்டையும் சேர்த்து வைத்து. கால் சேர்ந்திருக்கும்போது தோளால் இழுத்தால் விழப் பார்ப்போம், அதனால் உடம்பு தானாகவே அடங்கும். அப்புறம் கால் அகட்டி தகதிமி சொல்லிக்கொண்டே பத்து முழு வீச்சு, பிறகு உடனே 7 அயர்னில் வலைக்குள் ஐந்து பந்து. இந்த "உடனே" முக்கியம். குச்சியை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துவிட்டு கிளப்பை எடுத்தால் கையில் இருந்த உணர்வு போய்விடுகிறது. இரண்டு சுற்று, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழு மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் மாடியில் நிற்க முடியாது, அதுவும் கத்தரி நாட்களில் ஆறரைக்கே தரை சுட ஆரம்பிக்கும்.

ஐந்து மாதம் கழித்து அதே போனில் அதே பத்து ஸ்விங். மேலே போக 222 பிரேம், கீழே வர 73. மூன்றுக்கு ஒன்று. பத்திலும் பேக்ஸ்விங் 214-க்கும் 230-க்கும் நடுவிலேயே நின்றது, எனக்குப் பெரிய சந்தோஷம் இதில்தான். கோர்ஸில் ஸ்லைஸ் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், டிரைவரில் இன்னும் வருகிறது. ஆனால் அயர்ன் ஷாட்கள் ஒரே மாதிரி சத்தத்தோடு போகின்றன, 7 அயர்ன் எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. போன மாதம் சித்தப்பா ஆறாவது ஹோலில் நின்று, "என்னடா, வேகமா வீசற மாதிரி இருக்கு, ஆனா அவசரமே தெரியலையே" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

புட்டிங்குக்கு (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) இந்தக் குச்சி உதவாது, அதற்காக வாங்காதீர்கள். ஆனால் தாளம் உதவும். புட்டிங்கில் பங்கு இரண்டுக்கு ஒன்று என்கிறார்கள், அப்படியென்றால் மூன்று, அதாவது திஸ்ரம். "த"-வில் எடுத்து "ட"-வில் பின்னால் முடித்து அடுத்த "த"-வில் பந்து. தகிட. இதை நான் சொன்னபோது வாத்தியார் அவ்வளவு ரசித்தார், கோல்ஃப் என்றால் என்னவென்றே பார்க்காதவர், "உங்க ஆட்டத்துல நடை பேதம் கூட இருக்கே தம்பி" என்றார், நாலு நடை மூன்று நடையாக மாறுவதைச் சொல்கிறார். நீளமான புட்டும் குட்டிப் புட்டும் ஒரே காலத்தில்தான் முடிய வேண்டும், வீச்சின் அகலம்தான் மாற வேண்டும். இந்திய வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடத்துக்கு வந்த ஆட்டங்களின் வீடியோ கிடைத்தால் அவர் புட்டிங்கை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். அவரைவிடத் தூரமாக அடிப்பவர்கள் நிறைய பேர் இருந்த களத்தில் அந்தக் கையை வைத்துத்தான் பதக்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போனார்.

இப்போது குறைகள். கிரிப்தான் பெரிய குறை. தோல் தொழிலில் இருப்பவன் என்பதால் கைக்குப் படுகிற எதையும் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும், இந்த ரப்பர் மலிவானது. மூன்றாவது மாதமே பிசுபிசுப்பாகிவிட்டது. வெயிலில் மாடியிலேயே இரண்டு நாள் விட்டது என் பக்கத் தவறுதான் என்றாலும், வெயில் இல்லாத நாடு என்று நினைத்தா இதை இந்தியாவில் விற்கிறார்கள்? வியர்த்த கையில் வழுக்குகிறது, நாலடிக் கனம் கையை விட்டுப் போனால் பக்கத்து வீட்டுக் கண்ணாடிதான். கையுறை இல்லாமல் வீசவே கூடாது. நல்ல கோல்ஃப் கையுறைக்குப் பயன்படும் கேப்ரெட்டா, கம்பளி வளராத செம்மறியின் தோல், அவ்வளவு மெல்லிசு, வியர்வையில் நனைந்தால் நிழலில் விரித்துக் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும். கடைசியில் கிரிப்பை சென்னையில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன், அது தனிச் செலவு.

இரண்டாவது, அடியில் இருக்கும் எதிர் எடையின் மூடி லூஸாகிறது. வாரம் ஒருமுறை திருகிப் பார்த்துவிடுங்கள். விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை.

மூன்றாவது, இடம். வீட்டுக்குள் இதை வீச முடியாது, மின்விசிறி இருக்கிற எந்த அறையிலும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். மாடியில் துணி காயும் கொடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதிலேயே நீளம் குறைந்தது வருகிறது, அதைப் பாருங்கள். கிளப்பைப் பிடிக்கவே இன்னும் பழகாதவர்கள் முதலில் ஒரு கோச்சிடம் பத்து வகுப்பு போய்விட்டு வரட்டும், தப்பான பிடியோடு இதை வீசினால் தப்புதான் பலமாகும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய குளியல் துண்டை நனைத்துப் பிழிந்து, நுனியில் கெட்டியாக ஒரு முடிச்சுப் போட்டு, மறு நுனியைக் கிளப் மாதிரி பிடித்து தகதிமிக்கு வீசுங்கள். அவசரப்பட்டால் துண்டு துவண்டுவிடும், காத்திருந்தால் நிமிர்ந்து வரும். குச்சி தரும் உணர்வில் பாதி இதிலேயே கிடைக்கிறது. அந்த ஒரு வாரம் தவறாமல் காலையில் எழுந்து செய்ய முடிந்தால் குச்சியை வாங்குங்கள்.

போட்டி ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரவுண்டு நடக்கும்போது இந்தக் குச்சியால் பயிற்சி வீச்சு வீசக்கூடாது, காதில் மெட்ரோனோமோ பாட்டோ வைத்து டெம்போ பிடிக்கவும் கூடாது, இரண்டையும் கோல்ஃப் விதிகளில் 4.3 விதி தடுக்கிறது. முதல் தடவைக்கு ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், இரண்டாவது தடவை ஆட்டத்திலிருந்தே நீக்கம். டீ ஆஃபுக்கு முன்னால் வீசிக்கொள்ளலாம், பிறகு மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். தகதிமியைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று கிரிப்புக்கும் பதில் போடாததற்கும் போனது. குச்சி இப்போது மாடிப்படிக்குக் கீழே நிழலில் நிற்கிறது. வாங்கும் முன் வீசிப் பார்க்க நினைக்கும் நண்பர்கள் வரலாம், காலை ஆறுக்கு வந்துவிடுங்கள், வாத்தியாரும் அந்த நேரத்தில்தான் மாடியில் இருப்பார்.